மெமரி தீர்ந்துபோனா என்ன நடக்கணும்? செவ்வாயில் மாட்டிக்கிட்ட ஸ்பிரிட் சொல்லும் பாடம்



இந்த வார எபிசோடில் சின்னச் சாதனங்களுக்குள்ளே மெமரியை எப்படிப் பங்கு பிரிப்பது என்று பேசினோம். காதில் கேட்டால் பாதி புரியும். மீதிக்கு எண்களைக் கண்ணால் பார்க்கணும். அதனால இந்த மடல் வழக்கத்தை விடக் கொஞ்சம் நீளம். ஒரு காபியோட உட்கார்ந்து படிங்க.

புதுசா ஒரு போர்டு வாங்கி, அதில் ஒரு சின்ன ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றியதும் எல்லாரும் முதலில் கேட்பது இதுதான்: "ஹீப்புக்கு எத்தனை கேபி ஒதுக்கணும்? ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஸ்டாக் எவ்வளவு?" நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கு, கீழே சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கு: ஒதுக்கினது தீர்ந்துபோனா, அப்புறம் என்ன நடக்கணும்? இதை முடிவு பண்ணாமல் எவ்வளவு பெரிய எண்ணைப் போட்டாலும் ஒரு நாள் மாட்டிக்குவோம். எவ்வளவு மோசமா மாட்டிக்கலாம் என்பதற்கு 2004 ஜனவரியில் செவ்வாய் கிரகத்தில் ஒரு உதாரணம் நடந்தது. அதை வைத்தே இந்த விஷயத்தைப் பார்ப்போம்.

லேப்டாப்பில் இல்லாத கவலை

உங்க லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் இருக்கும். ஒரு புரோகிராம் அளவுக்கு மீறிக் கேட்டாலும், சிஸ்டம் கொஞ்சத்தைத் தூக்கி டிஸ்கில் வைத்துச் சமாளிக்கும். அதையும் மீறினால் ப்ரௌசரில் ஒரு டேப் செத்துப்போகும், திரும்பத் திறந்துக்குவீங்க.

சின்னச் சாதனத்தில் கதையே வேற. டல்லாஸில் இருக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எம்எஸ்பி430ஜி2553 சிப்பில் ரேம் மொத்தமே 512 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 3 பைட் வேணும். 'கி' மாதிரி உயிர்க்குறி சேர்ந்த எழுத்து என்றால் 6. அப்படின்னா இந்தப் பத்தியைக்கூட அதுக்குள்ளே முழுசா வைக்க முடியாது. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் 2 கேபி. ராஸ்பெர்ரி பை பிக்கோவின் ஆர்பி2040 சிப்பில் 264 கேபி. இஎஸ்பி32-இல் 520 கேபி. இதுக்குள்ளேதான் எல்லாம் நடக்கணும். தூக்கி வைக்க டிஸ்க் கிடையாது. ஒரு டாஸ்க் தன் எல்லையைத் தாண்டினால் "ஏய், அது உன் இடமில்லை" என்று தடுக்கும் காவலும் பெரும்பாலும் கிடையாது. பக்கத்து டாஸ்க்கின் இடத்தில் சத்தமில்லாமல் எழுதிட்டுப் போயிடும்.

முக்கியமா, பக்கத்தில் ஆள் இருக்க மாட்டாங்க. சுவரில் மாட்டின தெர்மோஸ்டாட், காரின் பிரேக்கைக் கவனிக்கும் பெட்டி, அப்பா கையில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் சென்சார் இதெல்லாம் மாதக்கணக்கில் தானா ஓடணும். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

ரேமை மூணு பங்கா நினைச்சுக்கோங்க. முதல் பங்கு, நிரல் தொடங்கும்போதே அளவு தெரிந்த மாறிகளுக்கு. இது கடைசிவரை மாறாது. இரண்டாவது, ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஒரு ஸ்டாக். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது ஏறும், முடிந்ததும் இறங்கும். மூணாவது ஹீப், ஓடும்போது தேவைப்பட்ட அளவைக் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும் பொது இடம்.

சி மொழியில் ஹீப்பிலிருந்து இடம் கேட்கும் ஃபங்ஷனுக்குப் பேர் மாலாக். நியூ ஜெர்சியின் மரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் 1978-இல் வெளியிட்ட சி மொழிப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்திலேயே இப்படி ஒரு இடம் ஒதுக்கும் நிரலை எழுதிக் காட்டியிருக்காங்க. அதில் ஒரு ஒப்பந்தம் இருக்கு: இடம் இருந்தால் அதன் முகவரி வரும், இல்லையென்றால் வெற்று முகவரி வரும். அதாவது "இல்லை" என்று நேரா சொல்லிடும். கேட்டவர் அதைப் பார்த்துட்டு என்ன செய்வது என்று முடிவு பண்ணணும். இந்த "இல்லை" என்ற பதிலை ஞாபகம் வச்சுக்கோங்க. செவ்வாயில் வராமல் போனது அதுதான்.

பதினெட்டாம் நாள்

ஸ்பிரிட் ரோவர் 2003 ஜூன் 10-ஆம் தேதி கிளம்பி, 2004 ஜனவரி 4-ஆம் தேதி செவ்வாயின் குசெவ் பள்ளத்தில் இறங்கியது. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருக்கும் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம்தான் அதை இயக்கியது. உள்ளே இருந்த ஆர்ஏடி6000 பிராசசரின் வேகம் 20 மெகாஹெர்ட்ஸ். ரேம் 128 எம்பி, ஃபிளாஷ் 256 எம்பி. ஆப்பரேட்டிங் சிஸ்டம் வீஎக்ஸ்வொர்க்ஸ். அதைச் செய்தது பே ஏரியாவில், அலமீடாவில் இருந்த விண்ட் ரிவர் நிறுவனம்.

128 எம்பி என்றால் நாம மேலே பார்த்த சிப்புகளுக்கு முன்னாடி ராஜ வாழ்க்கை. அதுவே தீர்ந்தது.

செவ்வாயின் ஒரு நாளை சோல் என்பாங்க. சோல் 18, அதாவது பூமியில் ஜனவரி 21, ஸ்பிரிட் திடீரென்று பேச்சை நிறுத்தியது. சிக்னல் வாங்கும் ஆன்டெனா இருந்த ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் அன்றைக்கு இடி மழை. அதனால்தான் தொடர்பு போச்சோ என்றுகூட முதலில் நினைத்தாங்க. மழை விட்டும் நிலைமை மாறவில்லை. மறுநாள் "கட்டளை கிடைத்தது, ஆனால் எனக்கு உடம்பு சரியில்லை" என்ற அளவில் ஒரு சின்ன பீப் மட்டும் வந்தது. ஜனவரி 23-இல் கொஞ்சம் தகவல் கிடைத்த பிறகுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது: ரோவர் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டே இருந்திருக்கிறது. அறுபது தடவைக்கும் மேல். ராத்திரி தூங்கவேண்டிய நேரத்திலும் தூங்காமல் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருந்தது. பேட்டரி முழுசா போனால் திட்டமே போச்சு.

உள்ளே நடந்தது இதுதான். படங்களும் அளவீடுகளும் ஃபிளாஷில் ஃபைல்களாகச் சேமிக்கப்பட்டன. பழைய டாஸ் கணினிகளில் இருந்த அதே வகை ஃபைல் அமைப்பு. எந்த ஃபைல் எங்கே இருக்கு என்ற பட்டியலை ஃபைல் சிஸ்டம் வேகத்துக்காக ரேமில் ஒரு நகலாக வைத்துக்கொள்ளும். ஃபைல்கள் கூடக்கூட அந்தப் பட்டியலும் பெருக்கும். ஃபைலை அழித்தாலும் பட்டியல் சுருங்காது. அந்த வரியில் "அழிக்கப்பட்டது" என்று ஒரு குறி விழும், வரி அப்படியே இருக்கும். வீட்டில் மளிகைச் சாமான் எல்லாம் தீர்ந்துபோனாலும் காலி டப்பாக்கள் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

ஏழு மாதப் பயணத்தில் சேர்ந்த ஃபைல்கள், அதன் மேல் தரையிறங்கிய பிறகு தினமும் வந்த ஃபைல்கள். பட்டியல் வளர்ந்துகொண்டே போய், சோல் 18-இல் ரேமில் இடம் கேட்டபோது இல்லை. கேட்ட டாஸ்க் அப்படியே நின்றது. ஒரு முக்கியமான டாஸ்க் நின்றதைப் பார்த்த கண்காணிப்பு நிரல், விதிப்படி ரீசெட் செய்தது. ரீசெட்டுக்குப் பிறகு முதல் வேலை என்ன? ஃபிளாஷைத் திறந்து, அதே பெரிய பட்டியலை ரேமுக்கு ஏற்றுவது. அதே இடம் வேணும், அதே இடம் இல்லை. மறுபடி நின்றது, மறுபடி ரீசெட்.

பாசடீனா குழு கண்டுபிடித்த வழி அழகானது. ஃபிளாஷைத் தொடாமலே தொடங்கு, ஃபைல் வைக்க ரேமில் கொஞ்சம் இடத்தையே பயன்படுத்து என்று சொல்லும் ஒரு கட்டளை மென்பொருளில் முன்னாடியே இருந்தது. ஊனமான நிலையில் எழுந்திரு என்பதுபோல அதற்கு ஒரு பேர். ஒரு செய்தி போய்ச் சேரவே சுமார் 10 நிமிடம் ஆகும் தூரத்திலிருந்து அந்தக் கட்டளையை அனுப்பினாங்க. ஸ்பிரிட் நிதானத்துக்கு வந்தது. பழைய ஃபைல்களை அழித்து, ஃபிளாஷை மறுபடி ஃபார்மட் செய்து, திருத்தின மென்பொருளை ஏற்றி, பிப்ரவரி முதல் வாரத்தில் அது வேலைக்குத் திரும்பியது. அதற்குள் மறுபக்கத்தில் இறங்கியிருந்த ஆப்பர்ச்சூனிட்டி ரோவருக்கும் அதே திருத்தம் போனது. 90 சோல் ஓடினால் போதும் என்று அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் வரை பேசியது.

ரெண்டே ரெண்டு செட்டிங்

சரி, காரணம் என்ன? "ரேம் பத்தலை" என்று சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா பாசடீனா பொறியாளர்கள் பிறகு எழுதிய ஆய்வில் ரெண்டு செட்டிங்குகளைக் குறிப்பிடுறாங்க.

ஒன்று, ஃபைல் சிஸ்டத்துக்கானது. அதற்கு ஒதுக்கின மெமரி தீர்ந்தால், பொது மெமரியிலிருந்து அது கணக்கில்லாமல் எடுத்துக்கலாம் என்று அமைத்திருந்தது. ஒரு வரம்பு இருந்திருந்தால், "இனி ஃபைல் சேர்க்க முடியாது" என்று ஃபைல் சிஸ்டம் மட்டும் பிழை சொல்லியிருக்கும். மற்றவர்கள் பிழைத்திருப்பாங்க.

ரெண்டு, மெமரி ஒதுக்கும் பகுதிக்கானது. இடம் இல்லையென்றால் "இல்லை" என்று பதில் தரலாம், அல்லது கேட்ட டாஸ்க்கையே நிறுத்திவைக்கலாம். நிறுத்திவைக்கும்படி அமைத்திருந்தது. அதனால கேட்ட நிரலுக்குச் சமாளிக்க ஒரு வாய்ப்பே கிடைக்கலை.

கவனிச்சீங்களா? ரெண்டுமே "எத்தனை கேபி" என்ற கேள்விக்கான செட்டிங் இல்லை. ரெண்டுமே "தீர்ந்தால் என்ன?" என்ற கேள்விக்கானவை. ரேம் 256 எம்பி இருந்திருந்தாலும் இதே ரெண்டு செட்டிங்கோடு சோல் 18 இன்னும் கொஞ்சம் தள்ளி வந்திருக்கும், அவ்வளவுதான்.

இப்போ நம்ம போர்டுக்கு வருவோம். கீழே சொல்றது ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இலவச சிஸ்டத்தை வைத்து. ரிச்சர்ட் பாரி 2003-இல் தொடங்கியது, 2017 முதல் அமேசான் கவனிப்பில் இருக்கு. வெவ்வேறு வகைச் சிப்புகளில் ஓடும். ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர்களில் சின்னதான இ-கிளாஸ் மேலேயும் ஓடும். உங்க சிஸ்டம் வேறாக இருந்தாலும் யோசனை ஒன்றுதான்.

ஸ்டாக்: ஊகிச்சுப் போடு, அளந்து திருத்து

முதலில் அலகு. ஃப்ரீஆர்டிஓஎஸ்-இல் ஒரு டாஸ்க் உருவாக்கும்போது தரும் ஸ்டாக் அளவு பைட்டில் இல்லை, வேர்டில். 32 பிட் சிப்பில் ஒரு வேர்டு 4 பைட். 512 என்று எழுதினால் 2,048 பைட் போகும். ஆனா இஎஸ்பி32-க்கு வரும் ஃப்ரீஆர்டிஓஎஸ்-இல் அதே இடத்தில் எழுதும் எண் பைட். இணையத்தில் கிடைத்த ஒரு உதாரணத்தை ஒரு போர்டிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே ஒட்டினால், ஸ்டாக் நாலு மடங்கு கூடும் அல்லது நாலில் ஒன்றாகக் குறையும். கம்பைலர் வாயே திறக்காது.

அடுத்தது அளப்பது. டாஸ்க் உருவாகும்போது அதன் ஸ்டாக் முழுவதையும் ஏ5 என்ற ஹெக்ஸ் மதிப்பால் நிரப்பிவைக்க முடியும். டாஸ்க் ஓட ஓட அது மேலே எழுதப்படும். சில நாள் கழித்து எவ்வளவு ஏ5 தொடாமல் மிச்சமிருக்கு என்று எண்ணினால், மோசமான நேரத்தில் எவ்வளவு போனது என்று தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கோடு நிற்குமே, அதே மாதிரி. சிஸ்டமே இதை எண்ணிச் சொல்லும். ஹை வாட்டர் மார்க் என்ற பேரில் ஒரு ஃபங்ஷன் இருக்கு.

ஒரு கணக்கு போடுவோம். 64 கேபி ரேம் உள்ள போர்டு, ஆறு டாஸ்க். எல்லாருக்கும் 512 வேர்டு என்று ஆரம்பிக்கிறோம். ஸ்டாக்குக்கு மட்டும் 12 கேபி. மூணு நாள் ஓட விட்டு அளக்கிறோம். வெப்பநிலை படிக்கும் டாஸ்க்கில் 400 வேர்டு தொடப்படவே இல்லை. அது 112 வேர்டுதான் பயன்படுத்தியிருக்கு. நெட்வொர்க் டாஸ்க்கில் மிச்சம் வெறும் 20 வேர்டு; இன்னொரு ஃபங்ஷன் அழைப்பு வந்தால் வழிஞ்சிடும். முதலாவதை 192-ஆகக் குறைக்கிறோம், 1,280 பைட் மிச்சம். ரெண்டாவதை 768-ஆக ஏத்துறோம், 1,024 பைட் செலவு. ஆபத்தும் போச்சு, கையில் 256 பைட்டும் வந்தது. ட்யூனிங் என்று பெரிய பேர் வச்சாலும் வேலை இவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. நீங்க அளந்த நாட்களில் நடக்காத விஷயம் கோட்டில் தெரியாது. வைஃபையைப் பிடுங்குங்க, தப்பான செய்தி அனுப்புங்க, பிழைச் செய்தி அச்சிடும் பாதையையும் ஓடவிடுங்க. எல்லாம் நல்லா போகும்போது யாரும் போகாத அந்தப் பாதைகள்தான் ஸ்டாக்கை நிறைய தின்னும்.

ஹீப்: பந்தியும் இட்லித் தட்டும்

ஃப்ரீஆர்டிஓஎஸ்-இல் ஹீப்பின் மொத்த அளவு ஒரு எண். அமைப்பு ஃபைலில் டோட்டல் ஹீப் சைஸ் என்று இருக்கும். ஓடும்போது உருவாக்கும் டாஸ்க்குகளின் ஸ்டாக்கும் இதுக்குள்ளே இருந்துதான் போகும். நம்ம கணக்கில் ஹீப் 40 கேபி என்று வச்சால், ஸ்டாக்குக்கு 12 போக மீதி 28 கேபிதான் மற்ற எல்லாத்துக்கும்.

அந்த 28-உம் முழுசா கையில் வராது. சிஸ்டத்தோட வரும் அஞ்சு ஹீப் வகைகளில் நாலாவதுதான் அதிகம் பயன்படுவது. 32 பிட் சிப்பில் அது ஒவ்வொரு துண்டுக்கும் 8 பைட் தலைப்பு வைக்கும், மொத்தத்தை 8-இன் மடங்காக ஏத்தும். நீங்க 10 பைட் கேட்டால் 24 பைட் போகும். சின்னச் சின்னதா நூறு தடவை கேட்பதை விட, பெருசா ஒரு தடவை கேட்பது எப்பவும் மலிவு.

அதை விடப் பெரிய சிக்கல் துண்டாகிப்போவது. கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. முப்பது இலை போட்டாச்சு, சாப்பிட்டவங்க அங்கங்கே எழுந்து போறாங்க. இப்போ அஞ்சு இலை காலி. அஞ்சு பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்து சேர்ந்தே உட்காரணும்னு கேட்குது. காலி இடம் அஞ்சு இருக்கு, ஆனா அடுத்தடுத்து இல்லை. ஹீப்பிலும் 9 கேபி காலி என்று காட்டும்; 2 கேபி தொடர்ச்சியா கேட்டால் "இல்லை" என்று வரும். நாலாவது வகை, பக்கத்துப் பக்கத்துக் காலி இடங்களை ஒன்றாகச் சேர்க்கும்; ரெண்டாவது வகை அதையும் செய்யாது. சேர்த்தாலும், நடுவில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பி நகர்த்த யாராலும் முடியாது.

இதுக்கு நம்ம சமையலறையிலேயே விடை இருக்கு: இட்லித் தட்டு. குழிகள் எல்லாம் ஒரே அளவு. ஒன்று காலியானால் அடுத்த இட்லி அதில் கச்சிதமா உட்காரும். எந்த வரிசையில் எடுத்தாலும் வச்சாலும் தட்டு துண்டாகாது. மெமரியில் இதை பூல் என்பாங்க. நெட்வொர்க் செய்திக்கு 256 பைட் குழிகள் 16, சென்சார் அளவீட்டுக்கு 32 பைட் குழிகள் 64 என்று முன்கூட்டியே போட்டு வச்சால், முதலாவதுக்கு 4 கேபி, ரெண்டாவதுக்கு 2 கேபி. அதுக்கு மேல ஒரு பைட்கூட அந்த வேலை எடுக்க முடியாது. சின்னச் செய்திக்கும் பெரிய குழி போகும், கொஞ்சம் வீண்தான். ஆனா ஒருத்தர் பசி அடுத்தவர் இலையில் கை வைக்காது. ஸ்பிரிட்டின் ஃபைல் சிஸ்டத்துக்கு இல்லாமல் போன வரம்பு இதுதான்.

இன்னும் கடுமையான வழியும் இருக்கு. பெல் ஆய்வகத்தில் பல வருடம் இருந்துவிட்டு 2003-இல் பாசடீனாவுக்குப் போன ஜெரார்ட் ஹோல்ஸ்மன், உயிர் போகிற அளவு முக்கியமான நிரல்களுக்காக 2006-இல் பத்து விதிகள் எழுதினார். மூணாவது விதி: தொடக்க வேலைகள் முடிந்த பிறகு ஹீப்பில் இடம் கேட்காதே. வேணுங்கிறதை எல்லாம் ஆரம்பத்திலேயே வாங்கி வச்சுக்கோ. அப்படிச் செய்தால் மெமரி பத்தலை என்ற செய்தி முதல் நொடியிலேயே, உங்க மேசை மேலேயே வரும். ஃப்ரீஆர்டிஓஎஸ்-இன் முதல் ஹீப் வகை இந்தக் குணம்தான்: கொடுக்கும், திருப்பி வாங்கவே வாங்காது.

எத்தனை நாள் டெஸ்ட் பண்ணணும்?

ஹீப்பில் இப்போ எவ்வளவு காலி என்று கேட்காதீங்க. இதுவரை மிகக் குறைவாக எவ்வளவு இருந்தது என்று கேளுங்க. நாலாவது, அஞ்சாவது வகைகளில் அதுக்குத் தனி ஃபங்ஷன் இருக்கு. அந்த எண்ணை நாளுக்கு ஒருமுறை குறிச்சு வையுங்க. அது ஒரு இடத்தில் நின்றுட்டால் நிம்மதி. தினமும் இறங்கிக்கிட்டே இருந்தால் வகுத்தல் கணக்கு போடுங்க. 28 கேபி காலியோட ஆரம்பித்து, நாளுக்கு 1.5 கேபி இறங்குதுன்னு வையுங்க. 18 நாளில் 27 கேபி போயிருக்கும். 19-ஆம் நாள் படுத்துடும். ஒரு வாரம் டெஸ்ட் செய்தவருக்கு எல்லாம் பச்சை விளக்குதான்.

பூமியில் ஸ்பிரிட்டுக்கு நிறைய சோதனை நடந்தது. ஆனா அத்தனை நாள் சேர்ந்த அத்தனை ஃபைல்களோடு தொடர்ந்து ஓட்டிப் பார்க்கிற சோதனை அதில் இல்லை. நாட்கள் இல்லையென்றால், நாட்கள் சேர்க்கும் குப்பையைச் செயற்கையா நிரப்பியாவது சோதிக்கணும். ஃபிளாஷில் ஆயிரக்கணக்கில் ஃபைல் போட்டுட்டு, அழிச்சுட்டு, அப்புறம் ரீசெட் பண்ணிப் பாருங்க.

தீர்ந்தால் என்ன? ஒவ்வொரு சிஸ்டமும் ஒரு பதில் வச்சிருக்கு

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். நீங்க முடிவு பண்ணலைன்னா, உங்க சிஸ்டம் தானா ஒன்றை முடிவு பண்ணியிருக்கும்.

ஃப்ரீஆர்டிஓஎஸ் "இல்லை" என்று பதில் தரும். நீங்க கேட்டுக்கிட்டால், தோல்வி நடக்கும்போதெல்லாம் உங்க ஃபங்ஷன் ஒன்றையும் அழைக்கும். அந்தப் பதிலைப் பார்க்காமல் வெற்று முகவரியில் எழுதினால் பழி உங்க மேலதான்.

லினக்ஸ் வேற ரகம். சின்ன ரௌட்டர்களிலும் கேமராக்களிலும் அதுதான் ஓடுது. சாதாரண அமைப்பில் அது தன்கிட்ட இருக்கிறதை விடக் கூடுதலாகக்கூட "சரி, எடுத்துக்கோ" என்று வாக்குக் கொடுக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க வந்தால், யாராவது ஒரு புராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொன்று இடம் பிடிக்கும். யாரைக் கொல்லக்கூடாது என்று முன்னாடியே சொல்லி வைக்க வழி இருக்கு; அல்லது ஓவர்கமிட் செட்டிங்கை 2 என்று மாற்றி, இல்லாததை வாக்குக் கொடுக்காதே என்று கட்டுப்படுத்தலாம்.

நீங்க செய்யவேண்டியது, மெமரி கேட்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரியில் பதில் எழுதுவது. சென்சார் அளவீடு வைக்க இடமில்லையா? பழையதை எறி, புதுசை வை. புது நெட்வொர்க் இணைப்பா? மறுத்திடு, இருப்பவர்களைக் காப்பாத்து. திரையில் காட்டும் படமா? இந்த முறை விட்டுடு. இன்சுலின் அளவைக் கணக்கிடும் வேலையா? அதுக்கு ஹீப்பே வேண்டாம், முன்கூட்டியே ஒதுக்கி வை.

வேற வழியே இல்லாத இடத்தில் மட்டும் ரீசெட். அதிலும் ஒரு பொறி இருக்கு, ஸ்பிரிட் விழுந்த அதே பொறி. ரீசெட் ஆன பிறகு அதே சுமையை ஏற்றினால் அதே இடத்தில்தான் போய் முட்டும். அதனால ரீசெட்டிலும் அழியாத ஒரு இடத்தில் ஒரு எண்ணி வச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்துக்குள் மூணு தடவை ரீசெட் ஆனால், நாலாவது தடவை சேமித்த ஃபைல்களைத் தொடாமல், குறைந்தபட்ச வேலைகளோடு மட்டும் எழுந்து, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரு செய்தி அனுப்பணும். பாசடீனா குழு கையால் அனுப்பின கட்டளையை உங்க சாதனம் தானாகவே செய்துக்கும். எழுத முப்பது வரிகூட ஆகாது.

இந்த வார வீட்டுப்பாடம்

டிராயரில் தூங்குற ஒரு போர்டை எடுங்க. முதலில், உங்க நிரலில் மெமரி கேட்கும் இடங்களை எல்லாம் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இல்லை" என்று வந்தால் என்ன என்று எழுதுங்க. பதில் தெரியாத இடங்கள் நிச்சயம் வரும். அந்த இடங்களைத்தான் முதலில் சரிபண்ணணும். அடுத்து ஹீப்பை வேணுமென்றே பாதியாகக் குறைச்சு ஓட்டிப் பாருங்க. சாதனம் முனகிக்கிட்டே வேலை செய்தால் நல்ல வடிவமைப்பு. ஒரேயடியா விழுந்தால், எங்கே விழுந்தது என்று பாருங்க. அதுக்கு அப்புறம் சரியான அளவைக் கண்டுபிடிக்க ஹை வாட்டர் மார்க் பார்த்து, கொஞ்சம் கூடுதல் வச்சு, எண்ணைப் போடுங்க.

என்ன கிடைத்ததுன்னு இந்த மடலுக்கே பதில் எழுதுங்க. உங்க எண்களில் சிலதை அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசுறோம். அதுவரை, இருக்கிற பைட்டில் சிக்கனமா இருங்க மக்களே!